அடுக்களையில் ஒரு சேஃப்டி ஆபீசர்

ஆரியங்கோட்டிலிருந்து வெள்ளறடை வரை தடுக்கி விழுந்தால் ஒரு பழைய கல்ஃப்காரர் மேல்தான் விழ வேண்டும். அவர்களில் ஒரு தனி வகை உண்டு. அங்கே எண்ணெய்க் கம்பெனியில், மற்றவன் ஏணி ஏறும்போது கீழே நின்று "பெல்ட் மாட்டினியா?" என்று கேட்டதற்கே சம்பளம் வாங்கியவர்கள். ஊருக்குத் திரும்பி, ரப்பரைப் பால்வெட்டுக்காரனிடம் விட்ட பிறகு கேள்வி கேட்க ஆள் கிடைப்பதில்லை. மிச்சம் இருப்பது அடுக்களைதான்.

நம்ம மாமாவும் அந்த இனம். பெயர் வேண்டாம். முக்கில் வந்து "சேஃப்டி வீடு" என்றால் ஆட்டோக்காரர் கொண்டுவிடுவார்.

காலையில் அடுக்களை வாசலில் கூட்டம் நடக்கும். கலந்துகொள்வோர் மாமி, மருமகள், பூனை. இன்றைக்கு என்ன வேலை, அதில் என்ன ஆபத்து என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் அடுப்பைத் தொட வேண்டும். மாமி புட்டுக்குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறிக்கை கொடுப்பாள். "புட்டும் பயறும். ஆபத்து ஒண்ணுமில்ல. ஒண்ணு மாறி நில்லுங்க."

கேஸ் விஷயத்தில் மட்டும் மனுஷன் சொல்வதில் ஒரு வார்த்தை தள்ள முடியாது. சிலிண்டர் கொண்டுவரும் பையனை முற்றத்திலேயே நிறுத்தி, கழுத்துத் தகட்டின் உள்பக்கம் எழுதியிருப்பதை வாசிப்பார். ஏ, பி, சி, டி என்பது வருஷத்தை நாலாகப் பகுத்த கணக்கு. பி 27 என்றால் 2027 ஜூனோடு சோதனைக் கெடு முடிகிறது. தேதி கடந்திருந்தால் சிலிண்டர் வந்த வண்டியிலேயே திரும்பிவிடும். ரப்பர் ட்யூபுக்கு 5 வருஷம்தான் ஆயுசு. சமையல் கேஸுக்குச் சொந்தமாக மணம் கிடையாது, கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக அந்த நாற்றத்தைக் கலக்கிறார்கள். அது காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தவழும். நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து, வெளியே வந்து 1906-ஐக் கூப்பிட வேண்டும். இந்த நம்பர் காலண்டரிலும் ஃப்ரிட்ஜிலும் மட்டுமல்ல, உப்பு மரவையின் மூடியிலும் எழுதப்பட்டிருக்கிறது.

உடுப்பு பற்றியும் சட்டம் உண்டு. நைலான், பாலியஸ்டர் நைட்டி தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும், பருத்திதான் உடுக்க வேண்டும். அதுவும் சரிதான். ஆனால் வீட்டில் இருக்கும் பளபள நைட்டி அத்தனையும் பெட்டி பெட்டியாகக் கல்ஃபிலிருந்து வந்தவை. கொண்டுவந்தது யார் என்று மாமி கேட்பதில்லை, நைட்டியை உதறி உதறிக் காயப்போடுவாள், அவ்வளவுதான்.

பழைய விஷயங்களில்தான் மாமாவின் பாச்சா பலிக்கவில்லை. "மரச்சீனியில சயனைடு இருக்கு, தெரியுமா?" என்று ஒருநாள் புதுச்செய்தியாக வந்து சொன்னார். மாமி அப்போது கிழங்கு வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய கிழங்கு அது. அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் சமைத்தால் மாமியாரிடம் அடி விழும் என்பதுதான் இந்தப் பக்கத்துப் பெண்கள் படித்த வேதியியல். சக்கை வெட்டும் முன் கையிலும் வெட்டுகத்தியிலும் எண்ணெய் தடவுவது, கடுகு தாளிக்கும்போது மூடியைக் கையில் வைத்திருப்பது, இதற்கெல்லாம் யாரும் மீட்டிங் போட்டதில்லை.

மாமா ஒரு நோட்டு வைத்திருக்கிறார். கையில் வெட்டு, சூடு, தப்பித்த கண்டம் எல்லாம் தேதியோடு அதில் ஏறும். போன மாதம் மாமி சாளை பொரித்துக்கொண்டிருந்தாள். "ஈரம் துடைச்சியா? ஈரத்தோட போட்டா தெறிக்கும்" என்று மாமா பின்னாலிருந்து கேட்டார். பதில் சொல்லத் திரும்பியதில் மீன் கைநழுவி எண்ணெயில் விழுந்து, மணிக்கட்டில் தெறித்தது. மாமி பேஸ்டைத் தேடினாள். மாமா விடவில்லை. பேஸ்டும் கூடாது, ஐஸும் கூடாது, குழாய்த் தண்ணீர் 20 நிமிஷம். கையைப் பிடித்துக் குழாயடியில் நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்து நின்றார். கொப்புளம் வரவில்லை. சாளைதான் கரிந்து, சட்டியில் தீப்பிடித்தது. மருமகள் ஓடிவந்து அடுப்பை அணைத்து, தண்ணீர் ஊற்றாமல் தட்டத்தைக் கவிழ்த்து மூடினாள். அதுவும் மாமாவின் பாடம்தான். மாமாவுக்கு அன்றைக்கு இரட்டைப் பெருமை.

மருமகள் நர்சிங் படித்தவள். இரவு நோட்டை எடுத்துப் புரட்டினாள்.

"மாமா, மூலகாரணம் கண்டுபிடிக்கணும்ணு சொல்லுவியளே?"

"கண்டிப்பா."

"வெங்காயம் அரியும்போது விரல் வெட்டு, பக்கத்துல நிங்க. கஞ்சி வடிக்கும்போது கால்ல தெறிச்சது, அப்பவும் நிங்க பேசிட்டு நின்னிய. இன்னைக்கு சாளை. எல்லாத்துலயும் ஒரே சாட்சி."

மாமா கண்ணாடியை மாட்டி முதல் பக்கத்திலிருந்து படித்தார். நேர்மையான மனுஷன். மறுநாள் காலை அடுக்களை வாசலில் அவர் கைப்படவே எழுதிய அட்டை தொங்கியது: 'வேலை இல்லாதவர் உள்ளே வரக்கூடாது.'

இப்போது அவர் வெளியே, ரப்பர் விறகு அடுக்கிய சாய்ப்பில், ஜன்னலோரமாக நிற்கிறார். "குக்கர் ஆவி அடங்கிச்சா? அடங்காம திறக்காதே" என்று குரல் மட்டும் உள்ளே வருகிறது. மாமி ஜன்னலைச் சாத்தப் போனாள். கேஸ் கசிந்தால் காற்றோட்டம் வேண்டும், ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும் என்று விதி எடுத்துக் காட்டினார்.

"கேட்டியளா, கேஸ் தரையோடதானே போவும்ணு நிங்கதானே சொன்னிய? அதுக்கு வாசல் போதாதா?"

அந்தக் கேள்விக்கு நேராக நோட்டில் 'பரிசீலனையில்' என்று எழுதியிருக்கிறார்.