ஒரு முடிச்சா, ரெண்டு முடிச்சா?

மயிலாடுதுறையில் எங்கள் தெருத் திண்ணையில் ஒருவர் குப்புறக் கிடந்தால் யாரும் பதறி ஓடிவருவதில்லை. எறும்பு சார்தான். வங்கியில் முப்பத்தைந்து வருடம் காசோலைக் கையெழுத்துகளைச் சரிபார்த்தவர். ஓய்வு பெற்றதும் அதே சந்தேகக் கண்ணையும் ஒரு பூதக்கண்ணாடியையும் எறும்பின் இடுப்புக்குத் திருப்பிவிட்டார்.

"ஒரு முடிச்சா, ரெண்டு முடிச்சான்னு பாக்கணும் தம்பி. குலம் கோத்திரம் எல்லாம் அங்கதான் இருக்கு."

தாலிக்கு மூன்று, எறும்புக்கு இரண்டோடு சரி. கட்டெறும்புக்கு ஒன்று, சுள்ளென்று கொட்டும் செவ்வெறும்புக்கு இரண்டு. என் பாட்டி இவ்வளவு சிரமப்பட்டதில்லை. அவளுக்கு உலகத்தில் இரண்டே வகை: கடிக்கிறது, கடிக்காதது. கடிக்காததைப் பிள்ளையார் எறும்பு என்று கும்பிட்டு விட்டுவிடுவாள்.

போன வாரம் கேஸ் சிலிண்டர் போட வந்த பையன் "ஐயோ" என்று காலை உதறினான். நீங்களும் நானும் தேங்காயெண்ணெயைத் தேடுவோம். சார் பூதக்கண்ணாடியோடு வந்தார்.

"கடிச்சுதா, கொட்டுச்சா?"

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

கேட்டிருக்கக் கூடாது. கட்டெறும்புக்குக் கொடுக்கே கிடையாது, தாடையால் கவ்வி அந்தக் காயத்தில் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். செவ்வெறும்புக்குக் கடி வெறும் பிடிமானம், அசல் வேலை பின்பக்கக் கொடுக்கில் என்று பாடம் முடிவதற்குள் வீக்கமே வடிந்துவிட்டது.

கட்டெறும்பு விஷயத்தில் மட்டும் சாருக்குக் கொஞ்சம் ஊர்ப்பாசம் உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரீசியஸ் 1787இல் அதை முதன்முதலாக விவரித்து எழுதியது தரங்கம்பாடியில் கிடைத்த எறும்பை வைத்துத்தான். அப்போது அது டேனியர் கையில் இருந்த ஊர். "காம்போனோட்டஸ் கம்ப்ரெஸ்ஸஸ்! நம்ம மாவட்டத்துப் புள்ளை தம்பி" என்கிறார். வாசலில் அது வரிசையாகப் போனால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தாண்டிப் போகிறார். சொந்தப் பேரன் பாஸானபோதுகூட இப்படிப் பூரித்ததாக நினைவில்லை.

சமையலறையில்தான் தகராறு. சாரின் வீட்டுக்கார அக்கா எறும்புச் சாக்பீஸை எடுத்தால், "இரு, யாருன்னு பாத்துடறேன்" என்று குறுக்கே விழுகிறார். அண்மையில் ஒரு பொடி எறும்பு அகப்பட்டது. தலை கறுப்பு, வயிறும் காலும் கண்ணுக்கே தெரியாத வெளிறல். பேய் எறும்பாம். நசுக்கினால் கெட்டுப்போன தேங்காய் நாற்றம் அடிக்கும், அதுதான் அடையாளம் என்று வருகிறவர்களிடமெல்லாம் விரலை நீட்டி மோந்து பார்க்கச் சொல்கிறார். அந்த வீட்டில் நான் காபி குடிப்பதை நிறுத்திவிட்டேன்.

நோட்டுப் புத்தகத்தில் இதுவரை பதினொரு வகை பதிவாகியிருக்கிறது. பெயர், தேதி, அகப்பட்ட இடம் எல்லாம் வங்கிப் பேரேடு மாதிரி கோடு போட்டு எழுதியிருக்கிறார். 'அகப்பட்ட இடம்' என்ற கட்டத்தில் ஏழு வகைக்குச் சர்க்கரை டப்பா என்று இருக்கிறது. அக்கா அந்தப் புத்தகத்தைப் பிரித்ததே இல்லை. டப்பாவைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் வைத்திருக்கிறார்.