டிராம்பே வாசகரும் பஸ் டிக்கெட்டும்: ஓர் ஆய்வு

நாவலைப் பற்றி வாசகர் வாயால் சொல்வதைச் சான்றாக ஏற்பதில்லை என்பது இவ்வாய்வின் முதல் நெறி. மும்பை மாட்டுங்கா இலக்கியக் கூட்டத்தில் மைக் பிடித்தவர் எவரும் 'பாதியில் மூடிவைத்துவிட்டேன்' என்று ஒப்புக்கொண்டதை நாம் கேட்டதில்லை. ஆகவே பெஸ்ட் பஸ் டிக்கெட்டை நம்பினோம். டிராம்பேயில் பயணிகள் ரயில் கிடையாது. மான்கூர்ட் வரை பஸ், அப்புறம் ஹார்பர் லைன். பஸ்ஸில் கிழித்துத் தந்த டிக்கெட் அடையாளத்துக்காகப் புத்தகத்துக்குள் போகும். அது எந்தப் பக்கத்தில் நிரந்தரமாகக் குடியேறியதோ, அதுவே வாசகரின் உண்மையான விமர்சனம்.

ஆய்வுக்கு உட்பட்டவர் ஒருவரே: சீத்தா கேம்ப் அண்ணாச்சி. (ஒற்றை ஆளை வைத்து முடிவு கட்டலாமா என்போர், விமர்சகர்கள் எத்தனை ஆளைக் கேட்டு முடிவு கட்டுகிறார்கள் என்று விசாரிக்கவும்.)

'விஷ்ணுபுரம்' (1997): டிக்கெட் முன்பகுதியிலேயே. காரணம் தத்துவமன்று, எடை. குர்லா நெரிசலில் ஒரு கை கம்பிக்குப் போய்விடும். மிச்சக் கை அந்நூலைத் தாங்காது. இதற்கு 'ஒற்றைக்கை விதி' எனப் பெயரிடுகிறோம்.

'பொன்னியின் செல்வன்': டிக்கெட்டே இல்லை. முழுதும் படித்திருக்கிறார், வர்ணனைப் பக்கங்கள் மட்டும் கைபடாமல் புதுக்கருக்கோடு இருக்கின்றன. "அஞ்சு பாகம் இழுத்துட்டு, ஆதித்த கரிகாலன யாருதான் கொன்னான்னு சொல்லாமப் போயிட்டாரே மனுசன்!" என்ற கோபம் இன்னும் ஆறவில்லை.

'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981): ஆல்பெர் காம்யு இறந்த மறுநாள், 1960 ஜனவரி 5இல், மலையாள எழுத்தாளர் ஜே.ஜே. இறந்ததாகச் சொல்லும் நாவல். தேதி போட்டிருந்ததால் அண்ணாச்சி நம்பிவிட்டார். ஜே.ஜே. எழுதிய புத்தகம் கிடைக்குமா என்று செம்பூர் மலையாளி நண்பரிடம் கேட்டுமிருக்கிறார். எல்லாம் கற்பனை என்றோம். "அப்ப காம்யு?" என்றார். அவர் நிஜம் என்றோம். நம்பவில்லை.

நாஞ்சில் நாடனின் 'மிதவை' (1986), பிழைப்புத் தேடிப் பம்பாய் வந்த இளைஞனின் கதை. டிக்கெட் நடுவில். "நாங்க வந்து பட்டதையே திரும்பக் காசு குடுத்து வாங்கணுமாக்கும்?"

நம் முறையியலைக் குலைத்தது கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. நாம் இரவல் கொடுத்த பிரதி. தெற்கே ஓடிவந்த கூட்டம் காட்டை எரித்து நிலம் திருத்தி ஊர் போடும் பக்கங்களில், நம்மிடம் கேளாமலே, பென்சில் கோடு. அந்நூல் வெளிவந்தது 1976இல். அதே ஆண்டு, நெருக்கடி நிலையின்போது, அணுசக்தித் துறைக்கு இடம் வேண்டுமென்று ஜனதா காலனி இடிக்கப்பட்டது. அங்கிருந்தவர்களைச் சீத்தா கேம்ப் சதுப்பில் கொண்டுவந்து விட்டார்கள். அண்ணாச்சி அப்போது பள்ளிக்கூடப் பையன்.

"அவங்களுக்குக் காடு. கொளுத்துனாத் தீந்துச்சு. எங்களுக்குச் சேறுல்லா தம்பி? எவ்வளவு மண்ணு கொட்டுனாலும் குடிச்சிரும். எங்கம்மா கட்டிலுக்குக் கீழ செங்கல்லு மேல செங்கல்லா வச்சா. கட்டில் ஒசந்துச்சு, தரை ஒசரல. இத எழுத ஒரு நாயக்கர் எங்களுக்கு இல்லியே."

இக்கூற்றை எவ்வகையில் அடக்குவது என்று தெரியாமல், டிக்கெட் எந்தப் பக்கத்தில் என்று பார்க்கப் புத்தகத்தைத் திருப்பிக் கேட்டோம். இன்னும் முடிக்கவில்லை என்கிறார்.