எத்தனை கிலோமீட்டர் தூரம்?

எட்டாம் வகுப்பு அறிவியலில் 'வளரிளம் பருவமடைதல்' என்று ஒரு பாடம் இருக்கிறது. அந்தப் பாடம் வருகிற வாரம் எனக்குச் சரியாகத் தொண்டை கட்டிக்கொள்ளும். "வீட்டுல நல்லா வாசிச்சிட்டு வாங்க பிள்ளைகளா, இதுல ஈஸியாத்தான் கேள்வி வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவேன். 2012-இல் தொடங்கிய புதுயுகம் திட்டத்தில் பள்ளிக்கு வரும் நாப்கினைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் என் பொறுப்புதான். கள்ளச்சாராயம் கைமாற்றுகிற மாதிரி கொடுப்பேன். சர்வீஸ் பதினாறு வருஷம்.

ஆண்டவன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். வார்த்தைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு என்று நம்புகிற பிள்ளையை எனக்கு மகளாகக் கொடுத்துவிட்டான்.

அவளுக்கு ஆட்டிசம். "ஒரு நிமிஷம் இரு" என்றால் அறுபது வரை எண்ணிவிட்டு வந்து நிற்பாள். "வாயைக் கட்டு" என்று ஒருநாள் அதட்டினேன். போய்த் துண்டை எடுத்துக்கொண்டு வந்தாள். எங்கள் வீடு மேலகரத்தில், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில். சாரல் சீசனில் ஞாயிறு தவறாமல் விடியற்காலம் ஸ்கூட்டரில் ஐந்தருவிக்குக் கூட்டிப்போக வேண்டும். தலையில் சீப்பு பட்டால் தெருவையே கூட்டுகிற பிள்ளை, அருவிக்கு அடியில் சாமி மாதிரி அசையாமல் நிற்பாள். மேலே விழுகிற அந்தக் கனம் அவளுக்கு வேண்டியிருக்கிறது.

ஏழே முக்கால் வயதில் ஒருநாள் குளிக்கும்போது நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "இங்க கல்லு இருக்கு" என்றாள். ஒரு பக்கம், சின்னதாக, புளியங்கொட்டை அளவுக்கு. அறிவியல் டீச்சர் என்ன செய்தாள்? "ஏதாவது பூச்சி கடிச்சிருக்கும்" என்று தேங்காயெண்ணெய் தடவினாள். அடுத்த மாதம், "ரெண்டாவது கல்லு" என்று அறிக்கை வந்தது. பிள்ளை சதை போடுகிறாள் போல என்று நெய்யை நிறுத்தினேன். மூன்றாவது மாதம்தான் திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் போனோம்.

எட்டு வயதுக்கு முன்னால் மார்பு அரும்பினால் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டுமாம். எலும்பு, வயதை முந்திக்கொண்டு ஓடுகிறதா என்று பார்க்க இடது கையை எக்ஸ்ரே எடுப்பார்கள். ரொம்ப முந்தினால் பருவத்தைக் கொஞ்ச காலம் நிறுத்திவைக்கிற ஊசி இருக்கிறது. "ஒண்ணுமில்ல, சும்மா போட்டோதான்" என்று மகளுக்குத் தைரியம் சொன்னேன். போட்டோ என்றதும் அவள் கையை எடுத்துவிட்டு முகத்தைக் காட்டிச் சிரித்தாள். மூன்று முறை.

எலும்பு கொஞ்சம்தான் முந்தியிருந்தது, ஊசி வேண்டாம் என்றார் டாக்டர். "அரும்பினதுல இருந்து ரெண்டு, ரெண்டரை வருஷத்துல மாதவிடாய் வரும்மா. இப்பவே சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சிருங்க." அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் ப்ளைத் கார்பெட் குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள பெண் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிடச் சராசரியாக ஒன்பதரை மாதம் முன்னதாகவே பருவம் தொடங்குவதாகக் கண்டிருக்கிறார்கள் என்று பிறகு படித்தேன். ஆக, சொல்லிக்கொடுக்க எனக்கு ரெண்டு வருஷம் இருந்தது. அதில் ஒன்றரை வருஷம் 'அப்புறம் பார்ப்போம்' என்றே கழிந்தது.

காரணம், வார்த்தை இல்லை. வார்த்தை இல்லாமலா? வண்டி வண்டியாக இருக்கிறது, அதில் ஒன்றாவது நேர்வார்த்தையாக இருந்தால்தானே. என் மாமியார் போனில் யாரிடமோ, "அவ தூரம், கோயிலுக்கு வரமாட்டா" என்றார். மகள் கேட்டாள்: "எத்தனை கிலோமீட்டர்?" பக்கத்துத் தெருப் பெண் சமைஞ்சுவிட்டாள் என்று சேதி வந்தது. "யாரு சமைச்சாங்க?" என்று அலறினாள். வயசுக்கு வந்துட்டா என்றால், "எந்த வயசுக்கு?" ஐந்தருவிக்குப் போய் வந்த ஒரு ஞாயிறு, எதிர்வீட்டு ஆச்சி, "எங்கட்டி போயிட்டு வார?" என்று கேட்க, இவள் பெருமையாக, "தலைக்குக் குளிச்சேன்" என்றாள். அப்போது வயது ஒன்பது. ஆச்சி பதறிப்போய் என்னிடம் ஓடிவந்து, "ஏளா, எங்கிட்டகூடச் சொல்லலயே" என்று கண்கலங்கினார். விளக்கிச் சொல்ல அரைமணி நேரம் ஆனது, அதுவும் ஜாடையில்தான்.

குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் இது. வசந்தவல்லி பந்தடிக்கிற அழகை அங்கம் அங்கமாகப் பாடிய மனுஷன். அவர் ஊரில் இருந்துகொண்டு 'ரத்தம்' என்ற ஒரு சொல்லை என்னால் சொல்ல முடியவில்லை.

கடைசி ஆறு மாதத்தில் கண்விழித்துக்கொண்டேன். கரோல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உண்டாக்கிய 'சமூகக் கதை' முறை இருக்கிறது. நடக்கப்போவதைப் பிள்ளையின் பார்வையில், சின்னச் சின்ன வாக்கியத்தில், படத்தோடு எழுதிக்கொடுப்பது. நான் நாலு பக்கம் எழுதினேன். 'பெண்மை என்பது இயற்கையின் கொடை' என்று தொடங்கியது. மகள் ரெண்டு ஒற்றுப்பிழையைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அப்புறம் ஒத்திகை. குங்குமத்தைத் தண்ணீரில் கரைத்து நாப்கினில் ஊற்றிக் காட்டினேன். "டிவியில நீலம்தானே வரும்?" என்றாள். விளம்பரக்காரர்கள் என்னைவிடக் கூச்சக்காரர்கள். "டிவி தப்பு, சிவப்புதான்" என்று அடித்துச் சொன்னேன். கதையில் ஒரு வரி சேர்த்தோம்: சிவப்பாக வந்தால் அம்மாவிடம் சொல்ல வேண்டும். வெறுமனே வைத்துப் பழகச் சொன்னால், இறக்கை வைத்த நாப்கின் தொடையை உரசுகிறது, உரிக்கிற சத்தம் காதைக் கிழிக்கிறது என்று நாலு கம்பெனியை நிராகரித்தாள். எங்கே ஒட்டுவது என்று குழம்பியபோது, என் கணவர்தான் மார்க்கர் பேனாவை எடுத்து உள்ளாடையில் கோடு போட்டுக் கொடுத்தார், வண்டி நிறுத்துகிற இடத்தில் போடுவார்களே அப்படி. இந்த ஒரு வெற்றியும் என் கணக்கில் வராது.

பத்தேகால் வயதில், ஜூலையில் ஒரு சனிக்கிழமை, துணி துவைக்க எடுத்த மாமியார் கத்தினார். பார்த்தால் ரெண்டு நாளாக வந்துகொண்டிருக்கிறது. "ஏன் பாப்பா சொல்லல?" என்றேன். அவள் போய்க் கதையை எடுத்துவந்து வரியைக் காட்டினாள். "சிவப்பு வந்தா சொல்லணும். இது காப்பிக் கலர்." முதல்முறை பலருக்குப் பழுப்பாகத்தான் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. முப்பது வருஷத்தில் அது எனக்கு மறந்தே போயிருக்கிறது.

மறுநாள் ஞாயிறு. ஐந்தருவி. நேற்றே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காலையில் துண்டோடு வந்து நின்றவளிடம், "இன்னைக்கு வெள்ளம், குளிக்கத் தடை" என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு இந்த விதியெல்லாம் அத்துப்படி. "அஞ்சு கிளையும் ஒண்ணாச் சேர்ந்து விழுதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நேராகப் போய் டிவியைப் போட்டாள். திரும்பி வந்து செய்தி வாசிப்பவர் குரலிலேயே சொன்னாள்: "ஐந்தருவியில் தண்ணீர் சீராக விழுகிறது. சுற்றுலாப் பயணிகள் ஆனந்தக் குளியல்." அப்புறம் சுவரில் தலையை மோத ஆரம்பித்தாள். நாற்பது நிமிஷம். தலையணையைச் சுவருக்கும் தலைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். வேறு வழி இல்லாமல் கடைசியில் சொன்னேன். "உன் உடம்புல இருந்து ரத்தம் வருது. அடி படல, நோய் இல்ல. நாலஞ்சு நாள் வரும், அப்புறம் நின்னுரும். அருவியில நின்னா நாப்கின் நனைஞ்சிரும். அதனால அடுத்த ஞாயித்துக்கிழமை போவோம்."

"சரி" என்றாள்.

மாமியார் பின்கட்டில் பாய், தனித் தட்டு, தனி டம்ளர் எல்லாம் வைத்துவிட்டார். இந்தக் காலத்தில் தீட்டா என்று நான் கிளம்பினேன், மேடையில் பேசுகிற மாதிரி. மகள் காதைப் பொத்திக்கொண்டு, "அம்மா, வெளிய போ. இது என் ரூம்" என்றாள். யாரும் தொடமாட்டார்கள், யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள், தட்டு மாறவே மாறாது. பத்து வருஷமாக அவள் கேட்டதெல்லாம் அதுதானே. பெண்ணடிமைச் சின்னம் என்று நான் தூக்கி எறியப் பார்த்த தட்டில்தான் இன்றைக்கும் சாப்பிடுகிறாள், முப்பது நாளும்.

தம்பி மண்டபம், பிளக்ஸ், ரேடியோ செட் என்று திட்டத்தோடு வந்தான். "எக்கா, தாய்மாமன் சீர் செய்யலன்னா ஊரு என்னைக் காறித் துப்பும்." பேரம் பேசி வீட்டோடு பத்துப் பேராக்கினோம். உளுந்தங்களியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்பது முறை கை கழுவினாள். பட்டுப்பாவாடை குத்துகிறது என்றாள். "மாமா என்ன வாங்கித் தரட்டும்?" என்றதற்கு, "தினசரி காலண்டர், மூணு" என்றாள். வாங்கித் தந்தான்.

அன்றைக்குப் பந்தியில் ஓர் உறவுக்காரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "கர்ப்பப்பையை எடுத்திருளா. உனக்கும் நிம்மதி, பிள்ளைக்கும் நிம்மதி" என்றார். சீ என்று சொல்லவில்லை நான். அன்று ராத்திரி ரெண்டு மணி வரை போனில் அதைத் தேடிக்கொண்டிருந்தேன். தேடியதில்தான் கிடைத்தது: 1994-இல் புனே பக்கம் ஷிரூர் அரசு இல்லத்தில் இருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்கு, மாதவிடாய்ச் சுத்தம் பார்க்க முடியவில்லை என்று சொல்லி அதையே செய்திருக்கிறார்கள். பெண்கள் அமைப்புகள் கொதித்தெழுந்தன. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பத்தாம் பிரிவு, அவர்களே விவரம் தெரிந்து சம்மதிக்காமல் மலடாக்குகிற எந்தச் சிகிச்சையும் கூடாது என்கிறது. சட்டத்துக்குப் பயந்துதான் போனைக் கீழே வைத்தேன் என்று எழுதினால் பாதி உண்மை. பக்கத்தில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகாவது திருந்தினேனா? இருபத்தெட்டு நாள் என்று பாடப்புத்தகக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தேன். மாமா வாங்கித் தந்த மூன்று காலண்டரிலும் வட்டம் போட்டாள். இருபத்தெட்டாம் நாள் காலை ஐந்து மணிக்குப் பாத்ரூமில் போய் உட்கார்ந்துவிட்டாள். வந்தது நாற்பத்தொன்றாம் நாள். தொடக்க வருஷங்களில் 21 நாளிலிருந்து 45 நாள் வரை முன்னே பின்னே வரும் என்று சொல்ல எனக்கு என்ன கேடு?

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. "இதையெல்லாம் யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். எல்லா அம்மாவும் சொல்வதுதான். அவள் பள்ளிக்கூடத்தில் பாவாடையெல்லாம் கறையோடு சாயங்காலம் வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், மிஸ்ஸிடம்கூடச் சொல்லாமல். ராத்திரி அவள் பாவாடையை அலசும்போதுதான் உறைத்தது. பிள்ளைகளைத் தொடுகிற அயோக்கியன் சொல்கிற வார்த்தையும் இதுதான். அதற்குக் கீழ்ப்படிய அவளுக்கு நானே பழக்கம் கொடுத்திருக்கிறேன்.

இப்போது பாத்ரூம் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. உடம்பைப் பற்றி யாரிடம் சொல்லலாம்: அம்மா, அப்பா, எங்க வீட்டு ஆச்சி, கிளாஸ் மிஸ், டாக்டர். யாராவது தொட்டாலோ, 'யார்கிட்டயும் சொல்லாதே' என்றாலோ இந்த ஐந்து பேரிடமும் சொல்ல வேண்டும். "கண்டக்டர் மாமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். அந்த ஏனுக்கு மட்டும் ஒரு வாரம் பதில் தேடினேன்.

உங்கள் வீட்டிலும் சின்னப் பெண் பிள்ளை இருக்கலாம். எட்டு வயதுக்கு முன்னால் நெஞ்சைக் காட்டி "இங்க கல்லு இருக்கு" என்றால் தேங்காயெண்ணெயைத் தேடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். நிறம் சொல்லிக்கொடுக்கும்போது மறக்காமல் காப்பிக் கலரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.