ஸ்டேஜ்-2 அண்ணன்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பேட்டைக்கு ஒரு ஸ்டேஜ்-2 அண்ணன் உண்டு. வயது முப்பதைத் தாண்டியிருக்கும். அப்பாவுக்கு உரக்கடையோ நெல் மண்டியோ இருக்கும். அண்ணனுக்கு ஒரு போலோ ஜிடி டிஎஸ்ஐ. 2013-இல் இந்தியாவுக்கு வந்த அந்த 1.2 லிட்டர் டர்போ எஞ்சினுக்கு 105 குதிரைத்திறன். ஒரே ஒரு குதிரையை அடக்கியதற்கு இன்றும் கதைப்பாட்டில் வாழ்கிறார் செஞ்சி தேசிங்கு ராஜா. அதே மாவட்டத்து அண்ணனுக்கு 105 குதிரை போதவில்லை.

மீதிக் குதிரைகள், டர்போவிலிருந்து புகை இறங்கும் டவுன்பைப்பில் மாட்டிக்கொண்டிருக்கின்றன என்பது அவர் கட்சி. டீக்கடையில் மணி கேட்டவருக்கும் இதைத்தான் விளக்குவார். "எஞ்சின் தள்ளுற புகைதான்பா டர்போ சக்கரத்தைச் சுத்துது. சுத்தி முடிச்ச புகை சட்டுனு வெளிய ஓடணும். கம்பெனிக்காரன் நடுவுல விக்கிரவாண்டி டோல்கேட்டைக் கட்டி வெச்சிருக்கான்!"

அந்த டோல்கேட்டின் பெயர் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய பீங்கான் வலை. புகையிலுள்ள நச்சு வாயுவை அடக்கி அனுப்புவது அதன் வேலை. ஊர் மூச்சு விடுவதற்காக வைத்ததை, வண்டி மூச்சு விடவேண்டும் என்று அண்ணன் கழற்றுகிறார். இப்படிப் பைப்பை மாற்றுவதற்குத்தான் வண்டிப் பித்தர்கள் பேச்சில் ஸ்டேஜ்-2 என்று பெயர்.

புதுப் பைப்பைச் செய்பவர், வீடுகளுக்கு எவர்சில்வர் மாடிப்படிக் கைப்பிடி போடும் ஆர்கான் வெல்டர். 304 கிரேடு, மூன்று இன்ச் பைப். கேஸ்கெட்டை அட்டையில் வைத்து வரைந்து ஃபிளாஞ்ச் வெட்டுவார். சூட்டில் கோணாமல் இருக்க அதைத் தடித்த இரும்புத் தகட்டில் போல்ட் போட்டு இறுக்குவார். வண்டியில் வைத்துப் பொட்டுப் பொட்டாய்ப் பற்றவைத்து, கீழே இறக்கி முழுசாய்த் தையல் ஓட்டுவார். பைப்புக்கு உள்ளேயும் ஆர்கான் விடச்சொல்லி அண்ணன் நச்சரிப்பார். உட்புறத் தையல் கருகக் கூடாதாம். எல்லாம் முடிந்ததும் வெல்டர் கேட்பது ஒரே கேள்விதான்: "தம்பி, முனையில உருண்டை வெக்கணுமா?"

மாட்டிய மறுநாள் டேஷ்போர்டில் மஞ்சளாய் எஞ்சின் விளக்கு எரியும். பின்பக்க ஆக்சிஜன் சென்சார் கன்வெர்ட்டரைத் தேடுகிறது. அண்ணன் மயிலம் முருகன் ஸ்டிக்கரை விளக்கின் மேல் ஒட்டுவார். சென்சாருக்குப் பதில் சொல்லவேண்டிய பொறுப்பு அன்றிலிருந்து முருகனுக்கு.

அடுத்தது விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை வெள்ளோட்டம், சுமார் நாற்பது கிலோமீட்டர். முண்டியம்பாக்கத்தில் அண்ணன் உறுமிக்கொண்டு முந்திய அரசுப் பேருந்து, விக்கிரவாண்டி டோல்கேட்டில் பக்கத்து வரிசையில் வந்து நிற்கும். ஜன்னலோரப் பாட்டி குனிந்து பார்த்து, "சைலன்சர் ஓட்டையா தம்பி?" என்று பரிவோடு விசாரிப்பார். பெட்ரோல் விலை குறைவென்று புதுச்சேரிக்கே போய் நிரப்புவார் அண்ணன். மிச்சமான காசெல்லாம் திரும்பும் வழியில் ஓட்டிக் காட்டுவதிலேயே கரைந்துவிடும்.

இந்த டவுன்பைப்பால் உருப்படியாய்ப் பலன் கண்டவர் அண்ணி ஒருவர்தான். "மெயின் ரோட்ல திரும்பறப்பவே கேக்குதுங்க. தோசைக்கல்லைப் போட்டுடறேன்."

சட்டம் தெரியாதவரல்ல அண்ணன். தயாரிப்பாளர் தந்த வடிவத்தை மாற்றக்கூடாது என்னும் மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவும், சத்தத்துக்கும் புகைக்கும் பத்தாயிரம் வரை அபராதம் விதிக்கும் 190-ஆம் பிரிவும் அவருக்கு மனப்பாடம். ஆகவே புகைச் சான்றிதழுக்கு முந்தைய இரவு, பரணிலிருக்கும் கோணிப்பை இறங்கும். கம்பெனி பைப் மறுபடி வண்டியில் ஏறும். மறுநாள் எதிர்வீட்டுக்காரர் கேட்பார்: "வண்டிய வித்துட்டியாப்பா?"

இதையெல்லாம் முறையாக ஓட்டிப் பார்க்க இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தளமே இருக்கிறதே என்றால், "அடுத்த மாசம் போறோம்" என்பார். அந்த அடுத்த மாசத்துக்கு இப்போது நான்கு வயது.

கடைசியில் ஒருநாள், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் வரும். வண்டி விற்பனைக்கு வரும். "சிங்கிள் ஓனர், கம்பெனி கண்டிஷன், கோயிலுக்கு மட்டும்தான் எடுப்போம்." திண்டிவனத்திலிருந்து வந்த பையன் டயரைத் தட்டி, பானெட்டைத் திறந்து, ஐயாயிரம் குறைக்கச் சொல்லி அரைநாள் மல்லுக்கட்டுவான். சாவியை வாங்கியபின் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ண்ணா, மயிலம் முருகன் இந்த எடத்துல இருந்தா அர்த்தம் எனக்குத் தெரியும். அந்த பைப்பு எங்க?" என்பான். கோணிப்பை மறுபடி இறங்கும். அண்ணன் வாயில் வந்த விலையைச் சொல்வார். ஐயாயிரத்துக்கு அரைநாள் பேசிய பையன், பைப்புக்கு ஒரு வார்த்தை பேரம் பேசாமல் எண்ணிவைப்பான்.