பறவை முட்டை தின்னலாமா?

அனுப்புநர்:
ஒரு தமிழாசிரியர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி,
(மழை பெய்தால் பக்கத்து வகுப்பறை).

பெறுநர்:
மேன்மைமிகு தலைவர் அவர்கள்,
விடைக்குறிப்புத் தயாரிப்புக் குழு.

பொருள்: கற்பனைக்கு விடைக்குறிப்பு வழங்கியமைக்கு நன்றி தெரிவித்தல், ஐயம் ஒன்று தீர்க்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். காலாண்டுத் தேர்வில் ஆறாம் வகுப்புக்கு, 'நான் ஒரு பறவையானால்' என்று சொந்தமாகக் கற்பனை செய்து எழுதச் சொல்லி 5 மதிப்பெண் வினா வந்தது. பிள்ளைகள் சொந்தமாக என்ன கற்பனை செய்வார்கள் என்பதும் தங்களிடமிருந்து கூடவே வந்துவிட்டது. முன்னுரை, சிறகின் சிறப்பு, வானில் கண்ட காட்சி, மரம் வளர்ப்பதன் அவசியம், முடிவுரை. தலைப்புக்கு ஒரு மதிப்பெண். மளிகைச் சிட்டை கூட்டுவதுபோல் கூட்டினேன். 41 தாளையும் டீ ஆறுவதற்குள் திருத்திவிட்டேன். அதற்கு முதற்கண் என் நன்றி.

40 பறவைகள் சொல்லிவைத்தாற்போல் பறந்தன. எல்லாம் நீல வானில் சிறகடித்தன. எல்லாம் மலையையும் நதியையும் கண்டு களித்தன. எங்கள் ஊர்ப் பக்கம் இரண்டும் கிடையாது. எல்லாம் இறங்கிவந்து தலைக்கொரு மரக்கன்று நட்டன. பறவை எதைக் கொண்டு குழி தோண்டியது என்று நான் கேட்கவில்லை. விடைக்குறிப்பில் குழி இல்லை.

சிக்கல் கடைசித் தாளில்தான். அந்தப் பெண் எழுதியதை அப்படியே தருகிறேன்: 'நான் பறவையானால் பள்ளிக்கு வருவேன். ஆனால் உள்ளே வரமாட்டேன். சன்னல் கம்பியில் உட்கார்ந்து பாடம் கேட்பேன். போரடித்தால் பறந்துவிடுவேன். மணி அடித்ததும் சத்துணவுக்கு வந்துவிடுவேன். சாதம் தின்பேன். முட்டை மட்டும் தின்னமாட்டேன். அது எங்கள் சொந்தக்காரர்.'

அவ்வளவுதான். முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை, ஒரு செடிகூட நடவில்லை. 'பறந்துவிடுவேன்' என்பதில் சிறகு அடங்கும் என்று ஒன்று போட்டேன். சன்னல் கம்பியைக் 'கண்ட காட்சி'யில் சேர்த்து இன்னொன்று. ஆக, ஐந்துக்கு இரண்டு. முட்டையை எந்தத் தலைப்பில் வைப்பது? சத்துணவு அமைப்பாளரைக் கேட்டேன். "முட்டை வேணாங்கற பிள்ளைக்கு எங்ககிட்ட வாழைப்பழம் இருக்கு சார். தமிழ்ல என்ன குடுப்பீங்கன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

நாவல் விஷயத்திலும் ஒரு விளக்கம் வேண்டும். ஆறாம் வகுப்புப் பாடநூலில் 'கிழவனும் கடலும்' இருக்கிறது. ஹெமிங்வே 1952இல் வெளியிட்ட குறுநாவல், படக்கதையாக. குறை சொல்லமாட்டேன், பக்கத்தைத் திறந்ததும் கடைசி பெஞ்சு தானாக முன்னால் நகர்கிறது. நடத்தி முடித்த பிறகு நாம் என்ன செய்கிறோம்? சுருக்கி எழுதச் சொல்கிறோம். நாவல் சுருங்கிப் படக்கதை, அது சுருங்கி அரைப் பக்கம், அதுவும் சுருங்கிக் கைடில் நாலு வரி. பெரியவர் பிடித்த மீன் கரைக்கு வருவதற்குள் சுறாக்கள் தின்று எலும்புதான் மிஞ்சியது என்பது கதை. எங்கள் வகுப்புக்கு வந்து சேர்வதும் அதுதான்.

இதற்கிடையில் ஒருவன் எழுந்தான். "சார், 84 நாள் மீனே மாட்டலன்னா என்ன சாப்பிட்டாரு?" கைடில் இதற்குப் பதில் இல்லை, முழு நாவலில் உண்டு. மனோலின் என்ற பையன் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்து தருவான் என்றேன். அப்படியானால் அவனையே படகில் ஏற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்றார்கள். முதலில் கூடப் போனவன்தான், 40 நாள் மீன் விழவில்லை என்றதும் ராசியில்லாத ஆள் என்று வீட்டில் தடுத்துவிட்டார்கள் என்றேன். உடனே, எங்கள் ஊரில் யார் யாரை ராசியில்லாதவர் என்கிறார்கள், யார் எதிரே வந்தால் யார் வீட்டுக்குள் திரும்பிவிடுவார் என்று ஆரம்பித்தார்கள் பாருங்கள், மணி அடிக்கும்வரை ஓயவில்லை. ஆசிரியருக்கு நோபல் பரிசு கிடைத்த ஆண்டு 1954 என்ற ஒரு மதிப்பெண் விடையை அன்று நடத்த முடியாமல் போயிற்று. இதற்காக என்னிடம் விளக்கம் கேட்பதானால் எழுத்துமூலம் தரத் தயாராக இருக்கிறேன்.

இன்னொரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். வாசிப்பு இயக்கம் என்று அரசு கொடுத்த சின்னச் சின்னப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலையில் வந்தன. நான்கையும் பீரோவில் வைத்துப் பூட்டியவன் நானே. தணிக்கையில் ஒன்று குறைந்தால் யார் கட்டுவது? 'பற' மேல்தட்டில் இருந்தது, என் கைக்கே எட்டாது. பிறகு மனசு கேட்காமல் நானே ஒரு நாவல் வாங்கிவந்தேன்: உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. கீழடி அகழாய்வை வைத்து எழுதியது, 2023இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. வகுப்புக்கே ஒரு பிரதி. கடைசிப் பாடவேளையில் தினம் பத்து நிமிடம் வாசித்துக் காட்டினேன்.

மூன்றாம் நாள் சமையலறைக்குப் பின்னால் குழி. என் மேசைமேல் 17 பானை ஓடு, ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுச் சீட்டு. ஒன்றில் இருந்தது: 'இது எங்க ஆயாவோட ஆயா உடைச்ச பானை. தாத்தா அடிக்க வந்தப்ப கைதவறிப் போச்சு. அன்னிக்கு யாரும் சாப்பிடல.' பார்வைக்கு வந்த அலுவலர் அதை எடுத்துப் படித்தார். இது எந்த இயல், எந்தக் கற்றல் விளைவு என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. "சரி, ஒரு போட்டோ எடுத்துப் போட்டுடுங்க" என்றார். ஓடுகளை அல்ல, பிள்ளைகள் வரிசையாக நின்று புத்தகத்தை விரித்துப் பிடித்திருப்பதை.

ஆகவே குழுவிடம் என் விண்ணப்பம் இதுதான். இனி விடைக்குறிப்பை மட்டும் அனுப்பினால் போதும். வினா எதற்கு, விடைத்தாள் எதற்கு, 41 பிள்ளைகள் எதற்கு? மதிப்பெண்ணை நானே நேராக எமிஸ் இணையதளத்தில் ஏற்றிவிடுகிறேன்.

முட்டை விவகாரத்தில் தாங்கள் சிரமப்பட வேண்டாம் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். திருப்புதல் தேர்வில் அதே வினா வந்தது. அந்தப் பெண் இந்த முறை நீல வானில் சிறகடித்தாள், நதியைக் கண்டு களித்தாள், மரமும் நட்டாள். ஐந்துக்கு ஐந்து.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தமிழாசிரியர்.

இணைப்பு: மேற்படி விடைத்தாளின் நகல் 1. (அடியில் பென்சிலால், 'சார், இந்தத் தடவை முட்டையைத் தின்னுட்டேன்' என்று எழுதியிருந்தாள். ஜெராக்ஸில் அது விழவில்லை.)