முட்டை அறுக்க நூலே தகும்: ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பண்டிகைக்குச் சொந்தபந்தம் கூடும் வீட்டில் அவித்த முட்டையை எதைக் கொண்டு இரண்டாக்குவது என்ற கேள்வியைத் தமிழ் ஆய்வுலகம் இதுவரை தொட்டதாகத் தெரியவில்லை. சங்ககாலத்து ஊன்சோறு பற்றியும் கோயில் படையல் பற்றியும் எழுத ஆளிருக்கிறது. தீபாவளிக் காலையில் முப்பது முட்டையை உரித்து வைத்துக்கொண்டு, கத்தியா அரிவாள்மணையா என்று விழிப்பவருக்கு வழிகாட்ட ஒருவருமில்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்தக் கட்டுரை. முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை: முட்டையை அறுக்க ஏற்றது பருத்தி நூல். இதை மறுக்கும் உரிமை வேறு எந்த ஊருக்கு இருந்தாலும் நூற்பாலை ஊரான ராஜபாளையத்துக்குக் கிடையாது.

ஆய்வுப்பொருளை வரையறுத்துக்கொள்வோம். குழம்பில் முழுதாய் மிதக்கும் முட்டை இங்கே பேச்சில்லை. நெடுக்கில் பிளந்து, மஞ்சள் கருவை எடுத்து மசித்து, காரம் சேர்த்து, எடுத்த குழியிலேயே திரும்ப நிரப்பிப் பரிமாறும் முட்டைதான் நமது பொருள். அமெரிக்கர்கள் ஈஸ்டருக்கும் நன்றியறிதல் நாளுக்கும் ‘டெவில்டு எக்’ என்ற பெயரில் இதைச் செய்கிறார்கள். கொல்கத்தாவில் இதன் உறவுமுறையான ‘டிமேர் டெவில்’ ரொட்டித்தூளில் புரண்டு எண்ணெயில் பொரிகிறது. பிளந்த முட்டை உருளாமல் நிற்க அமெரிக்கர்கள் குழி குழியாகத் தனித் தட்டே வைத்திருக்கிறார்கள். அந்தத் தட்டு நம்மிடம் இல்லையே என்று வருந்த வேண்டாம், பணியாரச் சட்டி இருக்கிறது. இவ்வளவு பாடு எதற்கு, அவித்த முட்டையை அப்படியே இலையில் வைத்தால் என்ன என்று கேட்கலாம். 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் 2010-ல் வாரம் ஐந்து முட்டை என்ற நிலைக்கு வளர்ந்துவிட்டது. பள்ளி நாளெல்லாம் தட்டில் விழும் முழு முட்டையை விருந்தன்றும் அப்படியே நீட்டினால் அது பண்டிகை ஆகாது, ஆறாம் வேளைச் சத்துணவு ஆகும்.

இனிக் கருவிக்கு வருவோம். கத்தி முட்டைக்குள் ஒரு பக்கமாக நுழைகிறது. அதன் அகன்ற இரு முகங்களிலும் மஞ்சள் கரு அப்பிக்கொள்கிறது. கத்தி இறங்க இறங்க, கரு முழுவதும் எதிர்ப்பக்கத்துச் சுவரில் போய் மோதுகிறது. கடைசி நொடியில் அடியிலுள்ள வெள்ளை அறுபடாமல் கிழிகிறது. நூலின் வழி வேறு. உரித்த முட்டையின் நெடுக்கில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, முனைகளை மாற்றிப் பிடித்து இழுத்தால், வளையம் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் நடுவை நோக்கிச் சுருங்குகிறது. தள்ளப்படும் பக்கம் என்று ஒன்று இல்லாததால் கரு இருந்த இடத்திலேயே இரண்டாகிறது. நூலின் தடிமன் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கரு ஒட்டிக்கொள்ள நினைத்தாலும் அதில் இடமில்லை. தள்ளுவண்டியில் அவித்த முட்டை விற்பவர் இதை ஆய்வேடு எதுவும் படிக்காமலே கண்டுகொண்டார். வண்டிக் காலில் ஒரு முனை, விரலில் மறுமுனை, நடுவில் முட்டை. பிளந்த வாயில் மிளகும் உப்பும் தூவி, வாழையிலைத் துண்டில் வைத்து நீட்டிவிட்டு அடுத்த முட்டைக்குப் போய்விடுகிறார்.

நூல் எது என்பதில்தான் ராஜபாளையத்தின் அதிகாரம் தொடங்குகிறது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸை நிறுவிய காலத்திலிருந்து கவுண்ட் பற்றிப் பேசுவது இவ்வூரில் வானிலை பேசுவதைப் போல. ஒரு பவுண்டு நூலில் 840 கெஜச் சிட்டம் எத்தனை அடங்குமோ அதுதான் கவுண்ட். எண் ஏற ஏற நூல் மெலியும். நூறாம் கவுண்ட் முட்டையை அறுக்கும், விரலையும் சேர்த்து அறுக்கும். இருபதாம் கவுண்ட் ஒற்றை இழை ஈரம் பட்டதும் முறுக்குத் தளர்ந்து முட்டையின் மேல் பஞ்சு விட்டுப்போகும். ஆகவே நாற்பதாம் கவுண்டில் இரட்டை இழை முறுக்கியதே நமது பரிந்துரை. அதில் ஒரு பவுண்டுக்கு 16,800 கெஜம். முட்டைக்கு ஒரு முழம் என்றால் 33,600 முட்டை. தீபாவளிக்கு முப்பது முட்டை அறுக்கும் குடும்பத்துக்கு ஒரு பவுண்டு நூல் 1,120 தீபாவளிக்கு வரும். எந்தக் கத்தி இத்தனை தலைமுறைக்கு உழைக்கும்?

மறுப்புகள் மூன்று. முதலாவது, சுத்தம். வீடுகளில் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு முட்டையை அறுப்பவர்கள் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் அது பல்லின் குற்றம். காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி பக்கத்துச் சத்திரப்பட்டியில் பருத்தி நூலில்தான் நெய்யப்படுகிறது. புண்ணுக்கு ஆகும் நூல், கொதிநீரில் ஒரு முறை முக்கி எடுத்தபின் முட்டைக்கு ஆகாதா? இரண்டாவது, சூடான நீரில் நனைத்துத் துடைத்த கத்தியும் சுத்தமாக அறுக்குமே என்பது. அறுக்கும்தான், முதல் முட்டையை. பிறகு ஒவ்வொரு முட்டைக்கும் நனைத்துத் துடைத்து, முப்பதாவது முட்டைக்கு வரும்போது பந்தி முடிந்திருக்கும். கிழிந்தவை வாசலில் கட்டியிருக்கும் ராஜபாளையம் நாய்க்குப் போகும். அந்த வெள்ளை நாயின் நலன் இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. மூன்றாவது, கம்பிகள் கட்டிய முட்டை வெட்டி கடையில் கிடைக்கிறதே என்பது. அது முட்டையை வில்லைகளாக்குகிறது. வில்லையில் குழி ஏது, எதை எங்கே நிரப்புவது?

இதுவரை ராஜபாளையத்தின் பக்கமே பேசியதால், 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் முகம் சுளிக்கலாம். ஆண்டாளின் ஊருக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம் என்பது நியாயமான கேள்வி. புரட்டாசியும் மார்கழியும் ஆடிப்பூரமும் இவ்வாய்வின் காலவரம்பிலிருந்து முன்பே விலக்கப்பட்டுவிட்டன. இவ்வூரின் பங்கு பூரணத்தில் இருக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா, பாலும் சர்க்கரையும் மட்டுமே கொண்டு, எப்போது நிறுத்த வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டதால் உருவான பண்டம். அடுப்பில் கிளறக் கிளற, கலவை சட்டியின் ஓரத்தை விட்டுத் திரளும் பதத்தில் இறக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் வழியும், பிந்தினால் உதிரும். மஞ்சள் கருப் பூரணத்துக்கும் அதே சட்டம். மசித்த கருவோடு, நல்லெண்ணெயில் வதக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மிளகு, சீரகத்தூள், உப்பு சேர்த்து, கெட்டித் தேங்காய்ப்பாலைக் கரண்டி கரண்டியாக விட்டுப் பிசைய வேண்டும். கிண்ணத்தின் ஓரத்தை விட்டு உருண்டு வந்தவுடன் தேங்காய்ப்பாலை நிறுத்திவிட வேண்டும். மயோனைசைக் கொண்டுவந்து இந்தப் பதத்தைக் கெடுப்பவர் கோவா கிளறும் வீதியைக் கடந்து போகவே கூச வேண்டும்.

நூல் எவ்வளவு நல்லதானாலும், அவிப்பதில் விட்ட கோட்டையை அறுப்பதில் பிடிக்க முடியாது. அன்று இட்ட முட்டை உரிக்க வராது. ஓட்டின் நுண்துளை வழியே கரிவளி வெளியேறி வெள்ளைக் கருவின் காரத்தன்மை கூடியபின்தான் தோல் கையோடு வரும். ஆகவே ஒரு வாரம் முன்பே வாங்கி வைக்கலாம். கொதிக்கும்வரை கரண்டியால் மெல்ல உருட்டிவிட்டால் மஞ்சள் கரு நடுவில் நிற்கும். கொதி வந்தபின் பத்து நிமிடம், உடனே குளிர்ந்த நீர். மிஞ்சினால் வெள்ளையிலுள்ள கந்தகமும் மஞ்சளிலுள்ள இரும்பும் கூடிக் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் போட்டுவிடும். இவையெல்லாம் சரியாக நடந்து, நூலும் மேலே சொன்ன கவுண்டில் இருந்தால், முப்பது முட்டையிலிருந்து அறுபது பாதிகள் சிதையாமல் வரும். அண்ணன் பிள்ளைக்குப் பெரியது, தம்பி பிள்ளைக்குச் சின்னது என்ற வழக்குக்கும் இடமிருக்காது. அறுத்த நூலைக் கழுவாமல் தையல் பெட்டிக்குள் திரும்ப வைப்பவருக்கு மட்டும் இவ்வாய்வு பொறுப்பேற்காது.