மலையேறும் முன் கியர் ஏறட்டும்!

கேள்வி: பல வருடமாகக் கொட்டகையில் நின்ற அப்பாவின் அம்பாசடரில் இன்ஜின் ஓடுகிறது, கியர் விழ மறுக்கிறது. கல்வராயன் மலைக்குப் போக ஆசை. கியர்பாக்ஸை மாற்ற வேண்டுமா?
– வாசகர், கள்ளக்குறிச்சி

பதில்: அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள்! இன்ஜினை அணைத்துவிட்டுக் கியர் போடுங்கள். சுலபமாக விழுந்தால் குற்றவாளி கிளட்ச்தான். நெடுநாள் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் துருவேறி ஃபிளைவீலைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். இன்ஜினை அணைத்தும் கியர் விழாவிட்டால், லீவர் இணைப்புகளையும் தேய்ந்த புஷ்களையும் பாருங்கள். பிறகு கியர் ஆயிலை வடியுங்கள். பொன்னிறத் துகள் வந்தால், கியர்களின் வேகத்தை ஒத்திசைக்கும் சிங்க்ரோ வளையம் தேய்கிறது. இரும்புச் சில்லு வந்தால் பல் உடைகிறது. பழைய மாடல்களில் முதல் கியருக்குச் சிங்க்ரோ கிடையாது. வண்டி நின்றபின் போடுங்கள். கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறுமுன், இரண்டாம் கியர் தானாக நழுவுகிறதா எனச் சமதளத்தில் சோதியுங்கள். இறக்கத்தில் நழுவினால் பிரேக் மட்டுமே துணை. 2014-இல் உற்பத்தி நின்ற வண்டி என்றாலும், பொறுமையாகச் சரிசெய்தால் அப்பாவின் கார் பேரனையும் சுமக்கும்!